வெயில் ஊரில் குளிர்ந்து கிடந்த எஞ்சின்

"தம்பி, வண்டி பெட்ரோலைக் குடிக்குதுப்பா" என்று சொல்லிக்கொண்டே சார் வந்தார். எனக்குப் பள்ளியில் கணக்கு நடத்தியவர். ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகள் ஆகின்றன. உறையூரில் வீடு. 2013 மாடல் சின்னக் கார், 796 சிசி, மூன்று சிலிண்டர். இதுவரை 94,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது.

கையில் ஒரு எஸ்டிமேட் சீட்டு வைத்திருந்தார். ஆக்சிஜன் சென்சார், இன்ஜெக்டர் சர்வீஸ், பெட்ரோல் பம்ப், பிளக் செட் என்று எழுதி, அடியில் 18,000 ரூபாய் போட்டிருந்தது. "இதையெல்லாம் மாத்தினா சரியாயிடும்கிறாங்க. மாத்திடலாமா?"

"டீ போடறேன் சார், குடிச்சிட்டுப் பேசுவோம். முதல்ல ஒண்ணு சொல்லுங்க. மைலேஜ் குறைஞ்சிருக்குன்னு எப்படித் தெரிஞ்சது?"

"முன்னெல்லாம் ஆயிரம் ரூபாய்க்குப் போட்டா பத்து நாள் வரும். இப்ப ஒரு வாரம்கூட வரல."

நம்மில் பெரும்பாலோர் மைலேஜ் பார்ப்பது இப்படித்தான். ஆனால் 2013-ல் பெட்ரோல் லிட்டர் 70-களில் இருந்தது. ஆயிரம் ரூபாய்க்கு 13 லிட்டருக்கு மேல் வந்தது. இன்று லிட்டர் 100 ரூபாயைத் தாண்டிவிட்டதால் அதே ஆயிரத்துக்கு 10 லிட்டர்கூட வராது. வண்டி புதிதாகவே இருந்தாலும் பத்து நாள் ஓடியது ஏழு நாளில் தீர்ந்துபோகும். பணத்தை வைத்துக் கணக்குப் போட்டால் விலை ஏறியதும் வண்டி கெட்டதும் ஒன்றாகக் கலந்துவிடும். முதலில் இரண்டையும் பிரிக்க வேண்டும்.

அதற்கு ஒரே வழி டேங்க் ஃபுல் கணக்கு. ஒரு பங்கில் டேங்கை நிரப்புங்கள். நாசில் தானாக நிற்கும் முதல் 'டக்'கோடு போதும். ரூபாயை முழுதாக்க அதற்கு மேல் ஊற்றச் சொல்லாதீர்கள். டிரிப் மீட்டரைச் சைபராக்கி, வழக்கம்போல் 250 கிலோமீட்டராவது ஓட்டிவிட்டு, அதே பங்கில் அதே நாசிலில் மறுபடி முதல் டக் வரை நிரப்புங்கள். ஓடிய தூரத்தை, இப்போது ஏறிய லிட்டரால் வகுத்தால் வருவதுதான் மைலேஜ். ஒரு தடவை பார்த்து முடிவு கட்டாமல் இரண்டு மூன்று தடவை பாருங்கள். பங்கின் அளவில் சந்தேகம் வந்தால், அங்கேயே இருக்கும் முத்திரையிட்ட 5 லிட்டர் அளவையில் ஊற்றிக் காட்டச் சொல்லலாம். 5 லிட்டருக்கு 25 மில்லி வரைதான் கூடக் குறைய இருக்கலாம். இதைக் கேட்பது நம் உரிமை.

சார் கணக்கு வாத்தியாராயிற்றே. மறு வாரம் ஒரு பழைய நோட்டோடு வந்தார். அதில் 2016-ல் தன் கையால் எழுதி வைத்த டேங்க் ஃபுல் கணக்குகள் இருந்தன. அப்போது லிட்டருக்குச் சராசரி 17.5. இந்த வாரம் 268 கிலோமீட்டருக்கு 21.6 லிட்டர், அதாவது 12.4. லிட்டருக்கு ஐந்து கிலோமீட்டர் காணாமல் போயிருந்தது. சார் சொன்னது மெய்தான்.

இந்த ஐந்தில் ஒரு கிலோமீட்டர் போன இடத்தைப் போனட்டைத் திறக்காமலே சொல்லிவிடலாம். அது பெட்ரோலிலேயே இருக்கிறது. 2016-ல் பங்கில் கிடைத்த பெட்ரோலில் எத்தனால் மிகக் குறைவு. இப்போது 20 சதவீதம். ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 32 மெகாஜூல் ஆற்றல் உண்டு. ஒரு லிட்டர் எத்தனாலில் சுமார் 21-தான். ஆக, கலந்த லிட்டரின் வலுவும் அந்த அளவுக்குக் குறையும். இந்தக் கலப்புத் திட்டத்துக்காக நிதி ஆயோக் 2021-ல் வெளியிட்ட அறிக்கையே, பழைய வடிவமைப்புக் கார்களில் 6 முதல் 7 சதவீதம் வரை மைலேஜ் குறையும் என்று மதிப்பிட்டிருக்கிறது. 17.5-ல் 6 சதவீதம் என்றால் ஒரு கிலோமீட்டர்.

"அப்ப அந்த ஒண்ணு திரும்பி வராதா?"

"வராது சார். எந்த மெக்கானிக்காலயும் மீட்க முடியாது. பாக்கி நாலைத்தான் நாம தேடணும்."

தேடுவதற்கு ஒரு வரிசை உண்டு. காசு செலவில்லாத சோதனைகள் முன்னால், கழற்றிப் பார்க்கும் சோதனைகள் அடுத்து, பாகம் மாற்றுவது கடைசியில். சாரின் எஸ்டிமேட் சீட்டு இந்த வரிசையை அப்படியே தலைகீழாகப் பிடித்திருந்தது.

முதலில் டயர். காலையில் வண்டியை எடுக்கும் முன், ரப்பர் குளிர்ந்திருக்கும்போது காற்றை அளக்க வேண்டும். எவ்வளவு பிடிக்க வேண்டும் என்பது ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் சீட்டில் எழுதியிருக்கும். அதில் 30 என்று இருந்தது, டயர்களில் 22, 23, 24 என்று இருந்தது. நிரப்பினோம். ஆனால் இதனால் மட்டும் நாலு கிலோமீட்டர் திரும்பிவிடாது. காற்று 8 பவுண்டு குறைந்தால் மைலேஜில் ஒன்று, இரண்டு சதவீதம்தான் போகும். டயர் தேய்ந்து பாழாவதும், மழையில் பிரேக் பிடிக்காமல் போவதும்தான் அதைவிடப் பெரிய நஷ்டம்.

டயரைப் பார்க்கும்போதே அளவையும் படித்துவிடுங்கள். 145/80 ஆர்12 இருக்க வேண்டிய இடத்தில் 155/80 ஆர்12 போட்டிருந்தால் சக்கரத்தின் சுற்றளவு 3 சதவீதம் கூடிவிடும். வண்டி 103 கிலோமீட்டர் ஓடினால் மீட்டர் 100 என்றுதான் காட்டும். பெட்ரோல் சரியாகத்தான் செலவாகும், மைலேஜ் மட்டும் குறைந்ததுபோல் தெரியும். சாருடைய வண்டியில் டயர் சரியான அளவுதான். தேசிய நெடுஞ்சாலையின் கிலோமீட்டர் கற்களோடு மீட்டரையும் ஒப்பிட்டுப் பார்த்தோம். ஒத்துப்போனது.

அடுத்து பிரேக். தஞ்சாவூர் ரோட்டில் பதினைந்து கிலோமீட்டர் போய், அதிகம் பிரேக் அழுத்தாமல் மெல்ல ஓரம் கட்டி நிறுத்தச் சொன்னேன். இறங்கி நாலு சக்கரத்தின் அருகிலும் புறங்கையை நீட்டிப் பார்த்தேன். தொடக்கூடாது, சுட்டுவிடும். முன் சக்கரம் இரண்டும் ஒரே மாதிரி இளஞ்சூடு. பின்னால் வலது பக்கம் வெறுமனே வெதுவெதுப்பு. இடது பக்கத்திலோ ரிம்மிலிருந்தே அனல் வந்தது. வீட்டுக்கு வந்து, சூடு ஆறியதும் ஜாக்கி போட்டு, ஹேண்ட் பிரேக்கை விடுவித்துச் சக்கரத்தைக் கையால் சுழற்றினால் அரைச் சுற்றில் நின்றது. மற்ற பக்கம் இரண்டு சுற்றுக்கு மேல் ஓடியது. ஹேண்ட் பிரேக் கேபிள் உறைக்குள் துருப்பிடித்து, விட்டாலும் திரும்பாமல் நின்றிருக்கிறது. லேசாகப் பிரேக் பிடித்தபடியே மாதக்கணக்கில் ஓடிய வண்டி அது. கேபிளை மாற்றி, டிரம்மைத் திறந்து துடைத்துச் சரிசெய்தோம்.

மறுபடி டேங்க் ஃபுல் கணக்குப் பார்த்தால் 13.4. ஒரு கிலோமீட்டர் வந்துவிட்டது. இன்னும் மூன்று பாக்கி.

ஏர் ஃபில்டரையும் பார்த்தோம். அழுக்குதான், மாற்றினோம். இதைப் பற்றி ஒரு பழைய நம்பிக்கை உண்டு. கார்பரேட்டர் காலத்தில் ஃபில்டர் அடைத்தால் காற்று குறைந்து பெட்ரோல் கூடும், மைலேஜ் விழும். இன்ஜெக்‌ஷன் வண்டியில் அப்படி இல்லை. காற்று குறைந்தால் கம்ப்யூட்டர் பெட்ரோலையும் குறைத்துவிடும். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-ல் சோதித்துப் பார்த்துச் சொன்னதும் இதுதான்: இன்றைய இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் அடைத்த ஃபில்டர் பிக்கப்பைக் குறைக்கும், மைலேஜைக் கிட்டத்தட்டத் தொடாது. ஃபில்டரை மாற்றுங்கள், அது எஞ்சினுக்கு நல்லது. மைலேஜை மட்டும் அதனிடம் எதிர்பார்க்காதீர்கள்.

பிறகு பிளக்கைக் கழற்றினேன். பிளக்கின் நுனி எஞ்சினின் நாக்கு மாதிரி. நன்றாக எரிந்தால் வெந்த செங்கல்லின் வெளிறிய பழுப்பாக இருக்கும். இந்த மூன்றும் கருத்திருந்தன. விரலால் தொட்டால் மை போலக் காய்ந்த கரி ஒட்டியது. எண்ணெய்ப் பிசுக்கு இல்லை என்பதால் பிஸ்டன் ரிங் தேயவில்லை என்று தெரிந்தது. காய்ந்த கரி என்றால் தேவைக்கு மேல் பெட்ரோல் உள்ளே போகிறது. மூன்றிலும் ஒரே மாதிரி இருந்ததால் ஏதோ ஒரு இன்ஜெக்டரின் ஒழுகலாகவும் இருக்க முடியாது. மூன்று சிலிண்டருக்கும் சேர்த்து, 'நிறைய விடு' என்று எங்கிருந்தோ கட்டளை போகிறது.

அந்தக் கட்டளையைப் போடுவது ஈசியூ எனும் கம்ப்யூட்டர். ஒரு கிலோ பெட்ரோல் சரியாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். இந்த விகிதத்தைக் காப்பதுதான் ஈசியூவின் முழுநேர வேலை. எரிந்து வெளியே போகும் புகையில் மிஞ்சிய ஆக்சிஜனை ஆக்சிஜன் சென்சார் மோந்து சொல்லும். அதைக் கேட்டு ஈசியூ நொடிக்கு நொடி பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும். சாருக்கு எஸ்டிமேட் கொடுத்தவர் இந்தச் சென்சாரைச் சந்தேகித்ததில் தவறில்லை. ஆனால் சந்தேகித்ததோடு நிற்காமல் சோதித்திருக்க வேண்டும்.

'நிறைய விடு' என்ற கட்டளைக்கு வேறொரு காரணமும் இருக்கலாம். பழைய கார்பரேட்டர் வண்டிகளில் குளிர் காலையில் சோக் இழுத்துக் கிளப்புவோமே, நினைவிருக்கிறதா? குளிர்ந்த எஞ்சினுக்குள் பெட்ரோல் முழுதாக ஆவியாகாமல் சுவர்களில் படிந்துவிடும். அதனால் கூடுதலாக ஊற்ற வேண்டும். இன்று அந்தச் சோக்கை ஈசியூ தானே இழுக்கிறது. எஞ்சினைச் சுற்றி ஓடும் கூலன்ட் எவ்வளவு சூடு என்று ஒரு சென்சார் சொல்லும். சூடு ஏற ஏற ஈசியூ சோக்கைத் தள்ளிவிடும். எஞ்சின் போதிய சூட்டுக்கு வரும்வரை பல வண்டிகளில் ஆக்சிஜன் சென்சாரின் பேச்சுக்கு முழு மரியாதை கிடையாது.

ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் சாக்கெட்டில் சின்ன ஸ்கேனரைச் சொருகி, சாரோடு மறுபடி தஞ்சாவூர் ரோட்டில் போனேன். சித்திரை மாதம், நண்பகல். வெளியே தார் உருகும் வெயில். 70 கிலோமீட்டர் வேகத்தில் அரை மணி நேரம் ஓடிய பிறகு கூலன்ட் சூடு எவ்வளவு தெரியுமா? 61 டிகிரி. 80-லிருந்து 90-க்குள் இருக்க வேண்டிய எஞ்சின் அது. துவாக்குடி சிக்னலில் நின்றபோது மெல்ல 70-க்கு ஏறியது. வேகம் எடுத்ததும் மறுபடி 62-க்கு இறங்கிவிட்டது. இத்தனைக்கும் செக் எஞ்சின் விளக்கு எரியவில்லை.

"சார், முன்னால வண்டி எப்பவாவது ஹீட் ஆச்சா?"

யோசித்தார். "ஆமாப்பா. பேத்தி கல்யாணத்துக்குப் போறப்ப விராலிமலை தாண்டிக் கொதிச்சுடுச்சு. வழியில ஒருத்தர்தான் சரி பண்ணிக் கொடுத்தார். அதுக்கப்புறம் ஒரு தடவைகூட ஹீட் ஆகலையே."

இனி ஹீட் ஆகவே ஆகாது. எஞ்சினிலிருந்து ரேடியேட்டருக்குக் கூலன்ட் போகும் வாசலில் தெர்மோஸ்டாட் என்றொரு வால்வு உண்டு. எஞ்சின் சூடாகும்வரை வாசலை மூடி வைத்திருக்கும், சூடானதும் திறந்துவிடும். வாசலுக்கு மூடியே இல்லாவிட்டால், ஸ்டார்ட் செய்த நிமிடத்திலிருந்து ரேடியேட்டர் எஞ்சினைக் குளிரவைத்துக்கொண்டே இருக்கும். வேகமாகப் போகப் போகக் காற்று மோதி இன்னும் குளிரும். ஈசியூ, 'இன்னும் விடியவில்லை' என்று நினைத்து நாள் முழுக்கச் சோக்கை இழுத்துப் பிடித்திருக்கும்.

ஆறிய வண்டியில் மேல் ஹோஸைக் கழற்றி, இரண்டு போல்ட்டை எடுத்து மூடியைத் திறந்தோம். வால்வு உட்கார வேண்டிய வட்டக் குழி காலியாக இருந்தது.

"நம்ம ஊரு வெயிலுக்கு இது எதுக்கு?" என்று சொல்லித்தான் இதைக் கழற்றுவார்கள். இளவயதில் பட்டறையில் நானும் அப்படிச் சொல்லிக் கழற்றியிருக்கிறேன். கெட்ட எண்ணத்தில் யாரும் செய்வதில்லை. கூலன்ட்டுக்குப் பதில் போர்த் தண்ணீரை ஊற்றினால் உப்புப் படிந்து வால்வு இறுகிவிடும். மூடியபடி இறுகினால் எஞ்சின் கொதிக்கும், ஹெட் கேஸ்கெட் போகும். நடுரோட்டில் நிற்கும் குடும்பத்தை வீடு சேர்க்க அந்த நேரத்தில் கழற்றுவது சரிதான். ஊருக்கு வந்ததும் புதிதாகப் போடாமல் விடுவதுதான் தவறு. வெளியே 40 டிகிரி அடித்தாலும் எஞ்சினுக்கு 85 வேண்டும். நமக்கு வெயில், அதற்குக் குளிர்.

மைலேஜோடு இது நிற்பதும் இல்லை. எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவர் வழியே இறங்கி எஞ்சின் ஆயிலில் கலக்கும். ஆயில் நீர்த்துப்போய், தேய்மானம் கூடும். இன்று பெட்ரோலில் போகும் காசு நாளை எஞ்சின் வேலைக்கும் போகும்.

குளிர் நாடுகளில் இந்தக் குறை ஒரே நாளில் தெரிந்துவிடும். ஹீட்டரில் சூடு வராது, உட்கார்ந்திருப்பவர் நடுங்குவார். நாம் கார் வாங்கிய நாள் முதல் ஹீட்டர் குமிழைத் தொட்டதே இல்லை. அதனால்தான் ஆண்டுக்கணக்கில் தெரியாமல் போகிறது.

புது வால்வு சில நூறு ரூபாய்தான். வாங்கி வந்த அன்று சாருக்கு ஒரு வேடிக்கை காட்டினேன். டீ போடும் அடுப்பிலேயே வேறொரு பழைய பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, வால்வை நூலில் கட்டி, அடியில் இடிக்காமல் தொங்கவிட்டேன். அதன் விளிம்பில் 82 என்று பொறித்திருந்தது. நடுவில் இருக்கும் பித்தளைக் குப்பிக்குள் மெழுகு. தண்ணீர் சுட்டு, அடியில் குமிழ் கட்டத் தொடங்கிய வேளையில் மெழுகு உருகி விரிந்து தண்டைத் தள்ள, தகடு மெல்லக் கீழே இறங்கி வழி விட்டது. வெளியே எடுத்ததும் சில விநாடியில் மறுபடி மூடிக்கொண்டது. மின்சாரமும் இல்லை, கம்ப்யூட்டரும் இல்லை. சார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை காட்டச் சொன்னார்.

வால்வைப் போட்டு, உள்ளே இருந்த துருத் தண்ணீரை வடித்து அலசி, டிஸ்டில்டு வாட்டரில் கலந்த கூலன்ட் ஊற்றினோம். பிளக்கைச் சுத்தம் செய்து திரும்பப் பூட்டினோம். அதே ரோடு, அதே வெயில். ஐந்தாறு நிமிடத்தில் 82-ஐத் தாண்டி 86-ல் நின்றது. அடுத்த டேங்க் ஃபுல் கணக்கு 298 கிலோமீட்டருக்கு 18.5 லிட்டர். லிட்டருக்கு 16.1. பழைய 17.5-க்கும் இதற்கும் உள்ள இடைவெளி பெரும்பாலும் எத்தனால் எடுத்துக்கொண்டது. ஆக்சிஜன் சென்சார், பம்ப், இன்ஜெக்டர் எதையும் தொடவில்லை.

எல்லா வண்டிக்கும் இதே காரணம் இருக்காது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் எஞ்சின் மட்டும் அலறி வேகம் ஏறவில்லையென்றால் கிளட்ச் வழுக்குகிறது. சைலன்சரில் நீலப் புகை வந்தால் ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்திருக்கிறது. பெட்ரோல் வாடை அடித்தால் வண்டியை அப்படியே நிறுத்திவிட்டு முதலில் குழாய்களைப் பாருங்கள். பழைய ரப்பருக்கும் எத்தனாலுக்கும் ஒத்துப்போகாது. தினமும் இரண்டு கிலோமீட்டர் பள்ளிக்கும் கடைக்கும் மட்டும் போய்வருகிற வண்டி சூடாகும் முன்பே நின்றுவிடுவதால், எந்தக் குறையும் இல்லாமலே குறைந்த மைலேஜ்தான் தரும்.

சாரின் வண்டி எனக்கு உறுதிப்படுத்தியது ஒன்று. இருக்கிற பாகம் கெட்டால் மாற்றிவிடலாம். இல்லாத பாகத்தை எந்த எஸ்டிமேட்டிலும் யாரும் எழுத மாட்டார்கள். ஆகவே மெக்கானிக் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அவசரத்துக்கு எதையாவது கழற்றினால் பில்லில் ஒரு வரி எழுதிக் கொடுங்கள், அடுத்து பார்ப்பவருக்கு அதுவே வழிகாட்டும். கார் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: அடுத்த தடவை அரை மணி நேரம் ஓட்டி முடித்ததும் ஏசியை அணைத்து, ஹீட்டர் குமிழை முழுச் சூட்டுக்குத் திருப்பி, காற்று வரும் இடத்தில் கையை வையுங்கள். கை பொறுக்காத அளவு சூடு வந்தால் கவலை இல்லை. வெதுவெதுப்பாக வந்தால், பெட்ரோல் பம்பை மாற்றும் முன் அந்த வால்வு இடத்தில் இருக்கிறதா என்று திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.